முதலில் அறுபது ஓம், அப்புறம் நாற்பதாயிரம்

சரோஜினி நகர் மார்க்கெட்டில் முந்நூறு ரூபாய் குர்த்தாவை நூற்றைம்பதுக்குக் கேட்டு, கடைக்காரர் முறைத்தால் நாலு எட்டு நடந்து, அவர் திரும்பக் கூப்பிடும் வரை பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்கள் நாம். அதே நாம் கார் சர்வீஸ் சென்டரில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "சார் ஜி, கம்ப்யூட்டர் கராப் ஹோ கயா. மாட்யூல் மாற்றணும், நாற்பதாயிரம் ஆகும்" என்று டை கட்டிய ஒரு பையன் சொன்னால் அப்படியே தலையாட்டிவிட்டு வருகிறோம். காரணம் ரொம்ப எளிது. குர்த்தா நமக்குப் புரியும். கம்ப்யூட்டர் புரியாது.

இந்தப் பதிவு அந்தக் "கம்ப்யூட்டர் கராப்" பற்றித்தான். கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஓம் விதி படித்தவர்கள் யாரும் பயப்பட வேண்டாம். (படித்து மறந்தவர்களுக்கும் அனுமதி உண்டு.)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்து, பிழைப்புக்காகத் தில்லி வந்து, தொலைத்தொடர்பு நெட்வொர்க்கில் "லைன் டவுன், லைன் டவுன்" என்று வருகிற புகார்களுக்கு நடுவில் காலம் தள்ளுகிறவன். இந்தத் தொழிலில் முதல் மாதமே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. "அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை" என்பதும் "அந்தப் பக்கத்து மெஷின் செத்துவிட்டது" என்பதும் ஒன்றல்ல. கார் விஷயத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் நமக்கு பில் போடுகிறார்கள் என்பது என் கட்சி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

இன்றைய காருக்குள் இருப்பது ஒரு கம்ப்யூட்டர் இல்லை, ஒரு கூட்டம். இன்ஜினுக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதற்கு ஒன்று, ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கதவு, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் கவனிக்க ஒன்று, நம் கண்ணெதிரே இருக்கும் மீட்டர் போர்டுக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஏ.பி.எஸ். சொன்னால்தான் ஸ்டீயரிங்குக்கு எவ்வளவு உதவ வேண்டும் என்று தெரியும். அதைக் கேட்டுத்தான் பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் முள்ளே நகர்கிறது.

ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் வண்டியில் ஆள் உட்கார இடமிருக்காது. அதனால் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983ல் ஒரு வேலையைத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர்கள் மாநாட்டில் அதை வெளியிட்டது. கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக கேன். 1993ல் அது ஐ.எஸ்.ஓ. 11898 என்ற உலகத் தரமும் ஆனது. விஷயம் இவ்வளவுதான்: முறுக்கி விட்ட இரண்டே வயர்கள். ஒன்று கேன் ஹை, இன்னொன்று கேன் லோ. எல்லா மாட்யூலும் அந்த இரண்டில்தான் தொங்குகின்றன. யாரும் யாருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சொல்வதுதான், தேவைப்பட்டவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயெடுத்தால், யாருடைய செய்திக்கு எண் குறைவோ அவருக்கே முன்னுரிமை. மற்றவர் மரியாதையாகப் பின்வாங்கிவிடுவார். ஊர்க்கூட்டத்தில் பெரியவர் செருமினால் மற்றவர்கள் அடங்குவதைப் போல.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. ஒவ்வொரு மாட்யூலும் தன் பேச்சில் எத்தனை தடவை பிழை வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அனுப்புவதில் பிழைக் கணக்கு 255ஐத் தாண்டினால் "நம்மால்தான் எல்லோருக்கும் தொந்தரவு" என்று தானே வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடும். (நம் டி.வி. விவாதங்களில் இந்த வசதியை வைத்தால் நாடு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!)

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஏ.பி.எஸ். திடீரென்று பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பேசும் என்று காத்திருக்கிற இன்ஜின் மாட்யூல் கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு தன் நோட்டில் யு0121 என்று எழுதி வைக்கும். "ஏ.பி.எஸ்.ஸோடு தொடர்பு அறுந்தது" என்று அர்த்தம். இன்ஜினே பேசாவிட்டால் மற்றவர்கள் எழுதுவது யு0100. கியர் என்றால் யு0101. 'யு' என்று ஆரம்பிக்கும் இந்தக் கோடுகள் எல்லாமே பேச்சுவார்த்தை பற்றிய புகார்கள்.

கவனியுங்கள், இது கேட்டவர் எழுதிய புகார். பேசாதவர் கொடுத்த வாக்குமூலம் இல்லை. ஏன் பேசவில்லை என்பது புகார் எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. பேசாதவருக்கு பவர் வராமல் இருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம். எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம். கப்ளருக்குள் தண்ணீர் போய் பச்சை பூத்திருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம். வேறு எவனோ ஒருவன் லைனை அடைத்துக்கொண்டிருக்கலாம். சாஃப்ட்வேர் பொருந்தாமல் இருக்கலாம். கடைசியாக, மாட்யூலே செத்தும் போயிருக்கலாம். ஏழு காரணத்தில் ஒன்றுக்குத்தான் நாற்பதாயிரம் செலவு. நம் ஊரில் விசாரணையே அந்த ஏழாவதில்தான் தொடங்குகிறது.

தில்லியில் முதல் ஆறுக்கும் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜூலை மழையில் மின்டோ பாலத்துக்குக் கீழே பஸ் மூழ்கிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜனவரிக் குளிரில் பேட்டரி காலையில் முனகும். வோல்டேஜ் இறங்கினாலே மாட்யூல்கள் தடுமாறி, ஒன்றின் மேல் ஒன்று கன்னாபின்னாவென்று புகார் எழுதித் தள்ளும். எலி விஷயம் கேட்கவே வேண்டாம். சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டுகிறார்கள். அதில் ஒரு பகுதி 2025 ஜனவரியில் திறக்கப்பட்டும் விட்டது. நமக்கு மாற்று வீடு கொடுத்தார்கள், எலிக்கு யார் கொடுத்தார்கள்? அது நம் பானெட்டுக்குள் குடியேறிவிடுகிறது என்பது என் சந்தேகம்.

போன வருடம் மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், தூத்துக்குடிக்காரர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். அவர் காரில் ஏ.பி.எஸ். விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு இரண்டும் எரிந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழுந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகினார்கள். மூன்று மாட்யூலில் யு0121. "ஏ.பி.எஸ். யூனிட் போச்சு, 41,500" என்று எஸ்டிமேட் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"தம்பி, அவன் சொன்னா சரியாத்தான இருக்கும்? கம்ப்யூட்டர்லயே வந்திருக்குல்லா?" என்றார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல வந்தது 'அவன் பேசல'ன்னுதான். 'அவன் செத்துட்டான்'னு எங்க வந்திருக்கு?" என்று கேட்டேன். யோசித்தார். அடுத்த நாள் கோட்லா முபாரக்பூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சர்தார்ஜியிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசைதான் இங்கே விஷயமே. முதலில் பேட்டரி வோல்டேஜ் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு எல்லா மாட்யூலையும் ஸ்கேன் செய்து, யார் யார் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். மூன்று பேர் ஏ.பி.எஸ். மேல் புகார். அந்த மூவரும் தங்களுக்குள் ஒருவர் மேல் ஒருவர் புகார் சொல்லவில்லை. அப்படியென்றால் பொது லைன் நன்றாக இருக்கிறது, வம்பு ஏ.பி.எஸ். வீட்டு வாசலில்தான்.

அடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் 6, 14 என்ற இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தார். 60 ஓம் காட்டியது.

இந்த அறுபதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேன் லைனின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பக்க இணைப்பில் இரண்டு 120 சேர்ந்தால் 60. மீட்டர் 60 காட்டினால் லைனின் முதுகெலும்பு முழுசாக இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்கு வேண்டியது சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், ஐந்து நிமிடம். (நடுவில் கேட்வே வைத்த புது வண்டிகளில் இந்த சாக்கெட்டில் தெரிவது லைனின் ஒரு பகுதி மட்டுமே. அங்கே உள்ளே போய்த்தான் அளக்க வேண்டும்.)

அறுபது வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பிரதான லைன் சரி என்றுதான் அர்த்தம். அதனால் சர்தார்ஜி பேட்டரியைத் திரும்ப மாட்டி, இக்னிஷனைப் போட்டு, ஏ.பி.எஸ். கப்ளரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகடிவுக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ் விழுகிறது என்று பார்த்தார். ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பேட்டரி ட்ரேக்குக் கீழே பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் துருவேறி உப்பிப் போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து, கிரீஸ் பூசி முடுக்கினார். எழுநூறு ரூபாய். அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுசாகப் போய்விட்டது, விளக்கு எரியவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் "சர்வீஸ் சென்டர் திருடன், ரோட்டோர மெக்கானிக் மகான்" என்று ஒரு சினிமாக் கதை கிடைத்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் வெளியே வந்ததும் அண்ணாச்சி கேட்டது இது: "ஒரு போல்ட்டத் தேய்ச்சதுக்கு எழுநூறா? அநியாயமா இருக்கே!"

நோயின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டோம். 41,500க்கு ஒரு அலுமினியப் பெட்டி கையில் வந்தால் மனசு சமாதானம் அடைகிறது. ஒரு மணி நேரம் குனிந்து நின்று அளந்து பார்த்த மூளைக்கு எழுநூறு என்றால் வயிறு எரிகிறது. பெட்டி மாற்றினால் லாபம், தேடினால் நஷ்டம் என்றிருக்கும்போது சர்வீஸ் சென்டர்க்காரர் எதைச் செய்வார்? நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று அந்தப் பையன் தலை மேலும் ஒரு கத்தி தொங்குகிறது. கோடைப் பார், பெட்டியை மாற்று, அடுத்த வண்டி!

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. தேட வேண்டும் என்று நினைக்கிற வெளி மெக்கானிக்குக்கும் வயரிங் படம் கிடைப்பதில்லை. எந்த மாட்யூலுக்கு எந்த ஃப்யூஸ், எர்த் எங்கே முடுக்கியிருக்கிறது, 120 ஓம் எந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிற படம் இல்லாமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். சர்தார்ஜிக்கு அந்த மாடல் கைப்பழக்கம். எல்லோருக்கும் எல்லா மாடலும் பழக்கமாக முடியுமா?

இதற்கு நம் நாட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2011ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர், ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் மூன்றும் உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் பூட்டி வைத்திருக்கின்றன என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். விசாரிக்கப் போனால் கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் அதையே செய்கிறது என்று தெரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பணத்தைவிட முக்கியம் அதோடு வந்த உத்தரவு. உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்க வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் போனாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது.

கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகள் விஷயத்தில், தவறு நடந்தது உண்மை என்பதை உறுதி செய்து, அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது. சில கம்பெனிகள் தில்லி உயர் நீதிமன்றத்தில் சட்டத்தையே எதிர்த்து வாதாடின. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது, அதில் வாகனமும் ஒரு பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே மக்கள் ஓட்டுப் போட்டு, டீலருக்குக் கிடைக்கும் அதே தகவல் நியாயமான விலையில் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். 2014ல் அது நாடு முழுவதற்குமான ஒப்பந்தமாகவும் மாறியது. அந்த மாதிரிப் பல் உள்ள சட்டம்தான் நமக்கு வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், போட்டி ஆணையத்தின் இன்றைய அலுவலகம் கிழக்கு கித்வாய் நகரில் இருக்கிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே பின்கோடு, 110023. உத்தரவு போட்ட இடத்துக்கும் உத்தரவு எட்டாத ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே ஆட்டோவில் பத்து நிமிடம்!

கம்பெனிக்காரர்கள் சொல்லும் வாதத்தையும் கேட்போம். "எல்லாவற்றையும் திறந்துவிட்டால் திருடன் கையிலும் போகும்" என்கிறார்கள். பொய்யில்லை. முன்விளக்குக்குப் பின்னால் போகும் கேன் வயரில் ஒரு கருவியைச் செருகி, சாவியே இல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் திருட்டு 2023ல் அம்பலமானது. ஆகவே சாவி கோடிங், இம்மொபைலைசர் இதையெல்லாம் பூட்டி வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எர்த் போல்ட் எங்கே இருக்கிறது என்பது ராணுவ ரகசியமா? ஃப்யூஸ் படம் கிடைத்தால் திருடனுக்கு என்ன லாபம்? வீட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்பது நியாயம். வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்ல மாட்டேன் என்பது என்ன நியாயம்?

இன்னொரு வாதம், "இது பிரேக் சம்பந்தப்பட்டது, கண்டவனும் கை வைக்கக் கூடாது". இதுவும் சரிதான். ஆனால் கை வைக்கத்தான் போகிறான். படம் இல்லாமல் வைத்தால் குத்துமதிப்பாக வயரைச் சுரண்டுவான், மாயாபுரியில் கழித்துப் போட்ட வண்டியிலிருந்து ஒரு பழைய மாட்யூலைக் கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பான். தகவலை மறைத்தால் பாதுகாப்பு கூடுவதில்லை, குறைகிறது.

மாட்யூல் சாகவே சாகாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்குள் மூழ்கி எழுந்த வண்டியில் சாகும், சில சமயம் வயதாகியும் சாகும். ஆனால் மரணச் சான்றிதழ் கொடுக்கும் முன் நாடி பார்த்தீர்களா என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்கு எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. நாலு கேள்வி போதும்:

எந்தெந்த மாட்யூல் யார் மேல் புகார் எழுதியிருக்கிறது? முழு ஸ்கேன் தாளைக் கொடுங்கள்.

கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தீர்களா? திரும்ப வந்ததா?

புகாருக்கு ஆளான மாட்யூலின் கப்ளரில் பவரும் எர்த்தும் அளந்தீர்களா? எவ்வளவு?

கேன் லைனில் எத்தனை ஓம்?

இந்த நாலுக்கும் எண்ணில் பதில் வந்தால் தைரியமாக மாற்றச் சொல்லுங்கள், காசு வீணாகாது. "அதெல்லாம் வேண்டாம் சார், கம்ப்யூட்டர்லயே வந்திருக்கு" என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அப்படியே இன்னொன்றும் செய்யுங்கள். தேடிப் பார்க்க ஒரு மணி நேரக் கூலி தருகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். "பழுது கிடைக்கவில்லை என்றாலும் தருகிறேன்" என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. பேரம் பேசுவதில் நாம் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் தேடுகிறவனின் கூலியில் பேரம் பேசினால், கடைசியில் நம் தலையில் கட்டுவது பெட்டியைத்தான்.